வெப்கேமுக்கு லினக்ஸ் டிரைவர்: எழுத உட்காரும் முன்பும் உட்கார்ந்த பின்பும்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பிராண்ட் பெயரே இல்லாத ஒரு வெப்கேமை வாங்கி வந்து உபுண்டு ஓடும் லேப்டாப்பில் செருகினால், பெரும்பாலும் அப்போதே படம் வந்துவிடும். எதையும் இறக்கி நிறுவ வேண்டியதில்லை. 2003-இல் வெளியான யுஎஸ்பி வீடியோ கிளாஸ், சுருக்கமாக யுவிசி, என்ற பொது நெறிமுறைதான் இதற்குக் காரணம். கேமராவை யார் செய்திருந்தாலும் சரி, அது இந்த நெறிமுறைப்படி பேசினால் எல்லாவற்றுக்கும் ஒரே டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) போதும். லினக்ஸில் அதன் பெயர் யுவிசிவீடியோ. லோரான் பின்ஷார் எழுதிய இந்த டிரைவர் 2008-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.26 பதிப்போடு சேர்ந்தது.

ஆகவே டிரைவர் எழுதத் தொடங்குகிறவர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கேமராவுக்குப் புது டிரைவர் தேவைதானா? படம் வராத கேமராக்களில் பலவற்றுக்கு, ஏற்கெனவே இருக்கும் டிரைவரில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். மீதியில் பலவற்றுக்கு நூறு இருநூறு வரியில் ஒரு துணை டிரைவர். முழு டிரைவரை அடியிலிருந்து எழுத வேண்டிய நிலை அபூர்வமாகத்தான் வரும். இந்த வரிசையிலேயே போவது நல்லது. எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ எம்பெடட் வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் பலரும் பயிற்சி மையத்தில் கேரக்டர் டிரைவர் (பைட் பைட்டாகப் படித்து எழுதும் எளிய வகை) எழுதிப் பழகியிருப்பார்கள். வெப்கேம் அந்த அச்சுக்குள் அடங்காது. ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் வி4எல்2 (லினக்ஸில் செயலிகள் வீடியோ கருவிகளோடு பேசும் முறை), நடுவில் நிற்காமல் ஓடும் டேட்டா. மூன்றையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்க்கிறவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

கேமரா என்ன சொல்கிறது

டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையைக் கொடுத்தால் செருகியிருக்கும் கருவிகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் நான்கிலக்க ஹெக்ஸ் எண்கள் இரண்டு இருக்கும். முதலாவது தயாரிப்பாளர், இரண்டாவது மாடல். கெர்னலுக்குத் தெரிந்த அடையாளம் இதுதான். பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பி இறங்க வேண்டாம். ஒரே பெட்டி, ஒரே மாடல் பெயர், உள்ளே வேறு வேறு சிப் என்பது மலிவு கேமராக்களில் சகஜம். மூடியைக் கழற்றிப் பார்த்தாலும் சில நேரம் சிப்பின் மேல் கறுப்புப் பசை ஊற்றியிருப்பார்கள், எண் தெரியாது.

அதே கட்டளைக்கு ‘-டி’ சேர்த்தால் எந்தக் கருவியை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று மரம்போல் காட்டும். ‘-வி’ சேர்த்தால் கேமரா தன்னைப் பற்றிச் சொல்லும் விவரம் முழுக்க வரும். அதில் இன்டர்ஃபேஸ் கிளாஸ் என்ற வரியைப் பாருங்கள். 14 என்றிருந்தால் அது யுவிசி கேமரா; சப்கிளாஸ் 1 கட்டுப்பாட்டுக்கு, 2 படம் அனுப்புவதற்கு. 255 என்றிருந்தால் தயாரிப்பாளரின் சொந்த மொழி. இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. 255 என்று சொல்லிக்கொண்டே உள்ளே யுவிசி பேசும் கேமராக்களும் இருக்கின்றன. லாஜிடெக்கின் பழைய குவிக்கேம்கள் சில அப்படிப்பட்டவை. யுவிசிவீடியோ டிரைவரின் பட்டியலில் அவற்றுக்கென்றே தனி வரிகள் உள்ளன.

புதிய லேப்டாப் சிலவற்றில் உட்பொருத்திய கேமரா இந்தப் பட்டியலில் வரவே வராது. அது யுஎஸ்பி கேமராவே இல்லை. எம்ஐபிஐ என்ற கேமரா இணைப்பு வழியாக நேரே பிராசசரோடு இணைந்து, இன்டெலின் ஐபியு6 போன்ற படச் செயலாக்கப் பகுதியைச் சார்ந்து, லிப்கேமரா என்ற மென்பொருள் வழியாக வேலை செய்வது. அது தனிப் பாடம். இங்கே சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஒரு கேமராவைச் செருகினால் வீடியோ0, வீடியோ1 என இரண்டு கோப்புகள் உருவாகும். 4.16 கெர்னலிலிருந்து இரண்டாவது கோப்பு மெட்டாடேட்டாவுக்கு, அதாவது ஃபிரேமைப் பற்றிய கூடுதல் விவரத்துக்கு. அதைத் திறந்து ‘படம் வரவில்லை, டிரைவர் பழுது’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

டிரைவர் பிடித்துவிட்டது, படம்தான் வரவில்லை

யுவிசிவீடியோ கேமராவைப் பிடித்த பிறகும் படம் வராதபோது, கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் சரியான வழி. இந்தக் கணக்கு தெரிந்தால் பாதிப் பிரச்சினைக்குக் கோடு (நிரல்) எழுதவே வேண்டாம்.

640-க்கு 480 அளவில், சுருக்கப்படாத ஒய்யுஒய்வி வடிவத்தில், ஒரு பிக்சலுக்கு 2 பைட். ஒரு ஃபிரேம் 6,14,400 பைட். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் 1,84,32,000 பைட். யுஎஸ்பி 2-இல் நேரம் 125 மைக்ரோவினாடித் துண்டுகளாக ஓடுகிறது. ஐசோக்ரோனஸ் (முன்பதிவு செய்த நேரத்தில் நிற்காமல் ஓடும்) வகை எண்ட்பாயின்ட் (கருவியில் டேட்டா போய்வரும் வாசல்) ஒன்று ஒரு துண்டில் அதிகபட்சம் 1024 பைட் பாக்கெட் மூன்று, அதாவது 3072 பைட் அனுப்பலாம். வினாடிக்கு 8000 துண்டு. ஆக 2,45,76,000 பைட். கேமரா ஒன்றுக்கு இது தாராளம். அதே கேமராவை 1280-க்கு 720 அளவுக்கு மாற்றினால் ஒரு ஃபிரேமே 18,43,200 பைட். 30 ஃபிரேம் போகாது, கணக்குப்படி 13 ஃபிரேம்தான் போகும். பல வெப்கேம்கள் 720 அளவில் ஒய்யுஒய்வி கேட்டால் வினாடிக்கு 10 ஃபிரேமுக்கு மேல் தருவதில்லை. அதற்குக் காரணம் இதுதான். டிரைவரைக் குறை சொல்வதில் பயனில்லை. முழு வேகம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் சுருக்கி அனுப்பும் எம்ஜெபெக் வடிவத்தைக் கேட்க வேண்டும்.

இனி இரண்டு கேமரா. 3072 பைட் 480 மெகாபிட் வேகத்தில் போக 51.2 மைக்ரோவினாடி ஆகும். இரண்டு கேமராவும் அவ்வளவு கேட்டால் 102.4. ஒவ்வொரு துண்டிலும் இத்தகைய முன்பதிவுக்கு 80 சதவீதம், அதாவது 100 மைக்ரோவினாடிதான் ஒதுக்கலாம் என்பது யுஎஸ்பி 2-இன் விதி. ஆகவே இரண்டாவது கேமராவைத் தொடங்கும்போது எரர் -28 வரும். டிஸ்க்கில் இடமில்லை என்று சொல்கிற அதே செய்திதான் திரையில் வரும். அதைப் பார்த்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தம் செய்கிறவர்கள் உண்டு. இடமில்லாதது யுஎஸ்பி பஸ்ஸில், அதாவது கருவிகள் பகிரும் டேட்டா பாதையில்.

ஹப் வாங்கிப் போட்டாலும் தீராது, ஏனென்றால் ஹப்பில் செருகிய எல்லாம் அதே பஸ்ஸைத்தான் பகிர்கின்றன. யுஎஸ்பி 3 ஹப்பிலும் யுஎஸ்பி 2 கேமரா பழைய 480 கம்பியில்தான் ஓடும். ராஸ்பெரி பை 3-இல் நான்கு போர்ட்டும் ஈத்தர்நெட்டும் ஒரே இணைப்பில் இருப்பதால் அங்கே நெருக்கடி இன்னும் சீக்கிரம் வரும்.

இதில் மலிவு ஃபர்ம்வேரின் (கேமராவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பங்கும் இருக்கிறது. படம் தொடங்கும் முன் டிரைவரும் கேமராவும் ஒரு பேரம் பேசும்: எந்த அளவு, எந்த வேகம், ஒரு துண்டில் எத்தனை பைட் வேண்டும் என்று. யுவிசி 1.0-இல் இந்தப் பேரத்தின் கட்டம் 26 பைட், 1.1-இல் 34, 1.5-இல் 48. பல கேமராக்கள் சின்னப் படம் கேட்டாலும் 3072 பைட்டையே கேட்கும். அதற்காகவே யுவிசிவீடியோவில் க்வர்க் (ஒழுங்காக நடக்காத கருவிக்கான விதிவிலக்கு) என்ற ஏற்பாடு. மாட்யூலை (கெர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய டிரைவர் துண்டு) இறக்கிவிட்டு ‘க்வர்க்ஸ்=128’ என்ற பாராமீட்டரோடு மீண்டும் ஏற்றினால், கேமரா கேட்பதை நம்பாமல் டிரைவரே அகலம், உயரம், வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டு ஒதுக்கும். சுருக்கப்படாத வடிவத்துக்கு மட்டுமே இது செல்லும். எம்ஜெபெக் ஃபிரேம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதே.

க்வர்க் எண்கள் பிட்டுகள், ஒவ்வொன்றும் தனி சுவிட்ச் மாதிரி. பேரத்தில் குறைந்தபட்சம், அதிகபட்சம் கேட்டாலே தடுமாறும் கேமராவுக்கு 2. இரண்டும் வேண்டுமென்றால் கூட்டி 130. ‘ட்ரேஸ்=65535’ என்று சேர்த்தால் டிரைவர் செய்வதையெல்லாம் கெர்னல் லாகில் எழுதும். லாகில் -71 திரும்பத் திரும்ப வந்தால் முதலில் கேபிளையும் மின்சாரத்தையும் சந்தேகியுங்கள்: நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிள், பவர் இல்லாத ஹப். யுஎஸ்பி 2 போர்ட் தரக்கூடியது 500 மில்லிஆம்பியர். அதையே மூன்று கருவி பங்குபோட்டால் கேமரா தலைசுற்றி விழும். -32 வந்தால் கேட்ட கட்டளையைக் கேமரா மறுத்துவிட்டது என்று பொருள். அந்த வசதி இருப்பதாக அது பொய் சொல்லியிருக்கும்.

க்வர்க் ஒன்று வேலை செய்துவிட்டால், அந்தக் கேமராவின் இரண்டு எண்களையும் க்வர்க்கையும் டிரைவரின் அடையாளப் பட்டியலில் சேர்ப்பதுதான் உங்கள் முதல் பேட்ச் (கெர்னலுக்கு அனுப்பும் திருத்தம்). பத்து வரிகூட இராது. ஆனால் உலகம் முழுக்க அதே கேமரா வைத்திருக்கும் எல்லாருக்கும் அடுத்த கெர்னலிலிருந்து படம் வரும். லினக்ஸ் கெர்னலுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடையாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கட்டிப் பார்க்கும் மேசை

தேவைப்படுவது கொஞ்சம்தான்: ஓடும் கெர்னலின் ஹெட்டர்கள், கம்பைலர், வி4எல்-யூட்டில்ஸ் என்ற வீடியோ சோதனைக் கருவிகளின் தொகுப்பு. கெர்னல் முழுவதையும் கட்ட வேண்டாம். மாட்யூலின் அடைவை மட்டும் கட்டலாம். கட்டிய மாட்யூலை ஏற்றும்போது ‘இன்வாலிட் மாட்யூல் ஃபார்மட்’ என்றால் ஓடும் கெர்னலும் நீங்கள் கட்டிய சோர்ஸும் வேறு பதிப்பு. ‘கீ வாஸ் ரிஜெக்டட்’ என்றால் செக்யூர் பூட் (கையொப்பமில்லாததை ஏற்க மறுக்கும் பாதுகாப்பு) தடுக்கிறது. மாட்யூலுக்குக் கையொப்பமிட வேண்டும், அல்லது சோதனை மெஷினில் அதை அணைக்க வேண்டும். அலுவலக லேப்டாப்பில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். கெர்னல் மாட்யூலில் பிழை நேர்ந்தால் மெஷினே நின்றுவிடும், சேமிக்காத கோப்புகள் போய்விடும். பழைய டெஸ்க்டாப் ஒன்று போதும்.

யுவிசி பேசாத கேமரா

கிளாஸ் 255 என்று வந்த கேமராவுக்கு ஜிஎஸ்பிசிஏ இருக்கிறது. முதலில் கெர்னலுக்கு வெளியே தனியாக வளர்ந்து, 2008-இல் 2.6.27 கெர்னலில் சேர்ந்த சட்டகம் இது. பிக்ஸ்ஆர்ட், சோனிக்ஸ், இசட்-ஸ்டார் எனப் பழைய சிப் குடும்பங்களுக்கெல்லாம் இதற்குள் துணை டிரைவர்கள் உண்டு. வி4எல்2-ஓடு பேசுவது, பஃபர் (டேட்டாவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) கையாள்வது, யுஎஸ்பி டேட்டாவை வரிசையாக வாங்குவது எல்லாவற்றையும் சட்டகமே பார்த்துக்கொள்ளும். நீங்கள் தர வேண்டியவை அடையாளப் பட்டியல், தொடக்க அமைப்பு, படத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் ஃபங்ஷன்கள், வந்த பாக்கெட்டைப் பிரிக்கும் ஃபங்ஷன். அவ்வளவே.

சிப்புக்கு டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரக் குறிப்பு) கிடைக்காதபோது, விண்டோஸ் டிரைவர் கேமராவோடு என்ன பேசுகிறது என்று ஒட்டுக்கேட்பதுதான் வழி. லினக்ஸில் யுஎஸ்பி பேச்சைப் பதிவு செய்யும் யுஎஸ்பிமான் மாட்யூலை ஏற்றி, அதைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து, விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸை ஓட்டி, கேமராவை அதற்குள் கொடுத்துவிடுங்கள். விர்ச்சுவல் மெஷினில் படம் தடைபட்டு வரலாம். தொடக்கக் கட்டளைகளைப் பிடிக்க அது இடைஞ்சலாகாது.

பிடித்ததில் கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபர்களை (கட்டளைப் பரிமாற்றங்களை) மட்டும் வடிகட்டுங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் 8 பைட் இருக்கும். முதல் பைட் 64 என்றால் கேமராவுக்குப் போகும் தயாரிப்பாளர் கட்டளை, 192 என்றால் கேமராவிலிருந்து படிப்பது. அடுத்த பைட் கட்டளை எண்; அதன்பின் இரண்டிரண்டு பைட்டாக மதிப்பு, குறியீடு, நீளம். ஒரு பதிவில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பிரைட்னஸைப் பூஜ்யத்திலிருந்து உச்சத்துக்கு நகர்த்தி ஒரு பதிவு, வேறு எதையும் தொடாமல் ஒரு பதிவு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பிரைட்னஸ் எந்த ரெஜிஸ்டர் (சிப்புக்குள் ஓர் அமைப்பின் மதிப்பை வைக்கும் இடம்) என்று தெரிந்துவிடும். எல்லா ஸ்லைடரையும் ஆட்டி ஒரே பதிவாக எடுத்தால் அதைப் பிரிக்கவே ஒரு வாரம் போகும்.

கட்டளைகளில் ஒரு பகுதி யுஎஸ்பியோடு பேசும் பிரிட்ஜ் சிப்புக்கும், மீதி அதற்குப் பின்னால் ஐ2சி-யில் (சிப்புகளை இணைக்கும் இரு கம்பிப் பாதை) இருக்கும் சென்சாருக்கும் (ஒளியைப் படமாக்கும் சிப்) போகும். சென்சார் எது என்று கண்டுபிடித்துவிட்டால் வேலை பாதியாகும். சென்சார்களுக்கு டேட்டாஷீட் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஓவி7670 என்ற சென்சார் என்றால் ஐ2சி முகவரி ஹெக்ஸ் 21. பத்தாவது ரெஜிஸ்டரைப் படித்தால் ஹெக்ஸ் 76 வரும். இப்படி ஒவ்வொரு சென்சாருக்கும் ஓர் அடையாள ரெஜிஸ்டர் இருக்கும்.

அதிகக் கவனம் கேட்பது பாக்கெட்டைப் பிரிக்கும் ஃபங்ஷன். ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்று அதுதான் சொல்ல வேண்டும். பிக்ஸ்ஆர்ட்டின் பிஏசி207 குடும்பத்தில் ஃபிரேம் தொடக்கத்துக்கு ஐந்து பைட் அடையாளம்: 255, 255, 0, 255, 150. பாக்கெட்டுக்குள் இந்த ஐந்தையும் தேடினால் ஆயிற்று என்று எழுதினால், படம் ஓடிக்கொண்டே இருந்து சில நேரம் கிழியும். அடையாளத்தின் முதல் மூன்று பைட் ஒரு பாக்கெட்டின் கடைசியிலும் மீதி இரண்டு அடுத்ததன் தொடக்கத்திலும் வந்திருக்கும். எத்தனை பைட் பொருந்தியிருக்கிறது என்ற எண்ணிக்கையைப் பாக்கெட்டுக்குப் பாக்கெட் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கெர்னலில் இருக்கும் அந்தக் குடும்பத்தின் கோடு அப்படித்தான் செய்கிறது. எழுதும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஜெபெக் அனுப்பும் கேமராக்களில் சில, தலைப்பை அனுப்பாமல் சுருக்கிய டேட்டாவை மட்டும் அனுப்பும். அட்டவணைகளோடு தலைப்பை டிரைவர் ஒட்டித்தர வேண்டும். பேயர் வடிவத்தில் (பிக்சலுக்கு ஒரே நிறம் கொண்ட மூலப் படம்) அனுப்பும் கேமராவுக்கோ கெர்னலுக்குள் நிறம் மாற்றும் கோடு எழுதாதீர்கள், பேட்ச் ஏற்கப்படாது. வடிவ மாற்றம் யூசர்ஸ்பேஸின் (கெர்னலுக்கு வெளியே செயலிகள் ஓடும் பகுதி) வேலை, அதற்கு ஹான்ஸ் டி கூடே தொடங்கிய லிப்வி4எல் இருக்கிறது. கெர்னலில் தப்பு நடந்தால் மெஷின் நிற்கும், யூசர்ஸ்பேஸில் தப்பு நடந்தால் ஒரு செயலி மட்டும் நிற்கும் என்பதை நினைத்தால் இந்த எல்லைக்கோட்டின் அருமை புரியும்.

பிலிப்ஸ் கேமராக்களுக்கான பிடபிள்யுசி டிரைவரின் கதையும் இங்கே பொருந்தும். முழு அளவுப் படத்தை விரிக்கும் பகுதி மட்டும் சோர்ஸ் இல்லாத தனி மாட்யூலாக இருந்தது. அதை இணைக்கும் கொக்கி 2004-இல் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. எழுதியவர் முழு டிரைவரையே எடுத்துவிடச் சொன்னார். பிறகு லூக் சையார் அந்தச் சுருக்க முறையைக் கண்டறிந்து திறந்த கோடாக எழுதியபின்தான் அந்தக் கேமராக்கள் மீண்டன. மூடிய துண்டு ஒன்றை நம்பி டிரைவர் கட்டக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அடியிலிருந்து எழுதினால்

சட்டகம் எதுவும் பொருந்தாது என்று உறுதியான பிறகு, கெர்னல் சோர்ஸில் இரண்டைப் படியுங்கள்: யுஎஸ்பி அடைவிலுள்ள ஸ்கெலிட்டன் டிரைவர், மீடியா அடைவிலுள்ள விவிட். விவிட் கேமராவே இல்லாமல் வி4எல்2 படத்தை உருவாக்கித் தரும் சோதனை டிரைவர். அதை ஏற்றி, திறந்து, நிறுத்திப் பார்த்தால் வி4எல்2 பக்கம் என்ன எதிர்பார்க்கிறது என்பது பிடிபடும்.

கருவியைச் செருகியதும் கெர்னல் அழைக்கும் ப்ரோப் ஃபங்ஷனில் வரிசை முக்கியம். கண்ட்ரோல்கள், பஃபர் வரிசை, லாக்குகள் எல்லாம் தயாரான பிறகே, கடைசி வேலையாக வீடியோ கருவியைப் பதிவு செய்யுங்கள். பதிவான அதே கணத்தில் டெஸ்க்டாப்பில் ஓடும் பைப்வயர் (ஒலியையும் வீடியோவையும் கையாளும் சேவை) அந்தக் கோப்பைத் திறந்து விசாரிக்கத் தொடங்கிவிடும். பஃபர் வரிசையைப் பிறகு அமைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், எப்போதாவது மட்டும் வரும் கிராஷ் கிடைக்கும். அதைத் தேடுவது கொடுமை.

கண்ட்ரோல் கட்டளை அனுப்பும் பஃபரை ஸ்டாக்கில் (ஃபங்ஷன் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) வைக்கக்கூடாது. பழைய கோடுகளில் அப்படி எழுதியது ஓடிக்கொண்டிருந்தது. 4.9 கெர்னலில் ஸ்டாக்கை வேறு வகை நினைவகத்துக்கு மாற்றும் வசதி வந்ததும், டிஎம்ஏ (பிராசசரை நம்பாமல் நினைவகத்தை நேரே அணுகும் வழி) அதைத் தொட முடியாமல் போயிற்று. கெர்னலில் நினைவகம் ஒதுக்கும் கேமால்லாக் மூலம் வாங்குங்கள்; அல்லது 5.10-இல் வந்த, தானே நகலெடுத்துக்கொள்ளும் புதிய ஃபங்ஷன்களைப் பயன்படுத்துங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்கள் இந்த இடத்தில்தான் ஆளைக் கவிழ்க்கின்றன.

டேட்டா வாங்கும் யுஆர்பி (யுஎஸ்பி கோரிக்கை) ஒன்று போதாது. ஒன்று நிரம்பிப் பதப்படுத்தப்படும்போது அடுத்தது காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐசோக்ரோனஸ் டேட்டா தொலைந்தது தொலைந்ததுதான், கேமரா மறுபடி அனுப்பாது. யுவிசிவீடியோ ஐந்து யுஆர்பி, ஒவ்வொன்றிலும் 32 பாக்கெட் வரை வைக்கிறது. அதையே தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். யுஆர்பி முடிந்ததும் அழைக்கப்படும் ஃபங்ஷனுக்குள் தூங்கக்கூடாது: மியூட்டெக்ஸ் (காத்திருக்க வைக்கும் பூட்டு) கூடாது, காத்திருந்து வாங்கும் நினைவகமும் கூடாது.

படத்தைத் தொடங்கும் ஃபங்ஷன் தோற்றால், அதுவரை உங்களிடம் வந்த பஃபர் எல்லாவற்றையும் ‘கியூட்’ நிலையில் திருப்பித் தர வேண்டும். நிறுத்தும் ஃபங்ஷனில் ‘எரர்’ நிலையில். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டாலும் கெர்னல் லாகில் நீளமான எச்சரிக்கை வரும். புதியவர்களின் டிரைவரில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

அடுத்தது, ஓடும்போது கேமராவைப் பிடுங்குவது. கேபிளை உருவியதும் டிஸ்கனெக்ட் ஃபங்ஷன் வரும். ஆனால் பிரவுசர் அந்தக் கோப்பை இன்னும் திறந்தே வைத்திருக்கும். டிஸ்கனெக்ட்டிலேயே நினைவகத்தை விடுவித்தால், பிரவுசர் கோப்பை மூடும்போது விடுவித்த இடத்தைத் தொடும். டிஸ்கனெக்ட்டில் யுஆர்பிகளை நிறுத்தி, கருவியைப் பதிவுநீக்கி, அதோடு விடுங்கள். நினைவகத்தை விடுவிப்பது, கடைசிப் பயனரும் மூடிய பிறகு அழைக்கப்படும் ரிலீஸ் ஃபங்ஷனின் வேலை.

எல்லாம் எழுதியாயிற்று என்று தோன்றியதும் வி4எல்2-கம்ப்ளையன்ஸ் கருவியை ஓட்டுங்கள். ‘-எஸ்’ சேர்த்தால் படத்தை ஓடவிட்டும் சோதிக்கும். ஒரு தோல்வியும் இல்லாமல் வரும்வரை பேட்ச் அனுப்ப வேண்டாம். பராமரிப்பாளர்கள் அந்த வெளியீட்டைக் கேட்பார்கள். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கேஏசான் வசதி இயக்கிய கெர்னலில், படம் ஓடும்போது கேபிளை உருவிச் செருகுவதை இருபது முப்பது தடவை செய்து, ஒவ்வொரு தடவையும் கெர்னல் லாகைப் பாருங்கள். அடுத்து, படம் ஓடும்போதே லேப்டாப்பை மூடித் திறந்து, சஸ்பெண்ட் முடிந்து படம் திரும்புகிறதா என்று பாருங்கள். உறங்கி எழுந்த கேமரா தன் ரெஜிஸ்டர்களை மறந்திருக்கும். ரெஸ்யூம் ஃபங்ஷனில் தொடக்கக் கட்டளைகள் முழுவதையும் மறுபடி அனுப்ப வேண்டும்.